கிளப்பில் ராஜா, நாட்டுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கால்பந்து ஆட்டம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "இவர் நாட்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்?" என்று கேட்பார். "ஒன்றுகூட இல்லை" என்றால் நம்பமாட்டார், உடனே போனை எடுத்துத் தேடுவார். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் மட்டும்தான்.

எதை வைத்து "நாட்டுக்கு ஆடவில்லை" என்கிறீர்கள்? 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியது கணக்கில் வராதா?

வராது. சீனியர் அணிக்காக அதிகாரப்பூர்வமான ஆட்டத்தில் ஒரு நிமிடமாவது மைதானத்தில் இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இளையோர் அணி, ஒலிம்பிக் அணி, 'பி' அணி எதுவும் சேராது. அணியில் பெயர் வந்து, சட்டையும் போட்டுக்கொண்டு, தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் கணக்கு பூஜ்யம்தான். இந்தக் கணக்கைத்தான் 'கேப்' என்கிறார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஆடியவருக்கு நிஜமாகவே ஒரு தொப்பி கொடுப்பார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜார்ஜ் பெஸ்ட், ரயன் கிக்ஸ், டி ஸ்டெஃபானோ எல்லாம் இதில் வருவார்களா?

இல்லை, இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. அவர்கள் உலகக் கோப்பையில் ஆடாதவர்கள், நாட்டுக்கு ஆடாதவர்கள் அல்ல. பெஸ்ட் வட அயர்லாந்துக்கு 37 ஆட்டம் ஆடியிருக்கிறார், கிக்ஸ் வேல்ஸுக்கு 64. டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கும் ஆடினார், ஸ்பெயினுக்கும் ஆடினார். இங்கே நாம் பேசுவது அந்த முதல் ஆட்டமே கிடைக்காதவர்களைப் பற்றி.

சரி, அப்படி ஆடாதவர்களில் பெரிதாக எதையாவது ஜெயித்தவர்கள் உண்டா?

ஐரோப்பியக் கோப்பையையே (கிளப்புகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) கையில் தூக்கிய கேப்டன்கள் இருக்கிறார்கள். ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

முதல் ஆள் ஜான் மக்கவர்ன், ஸ்காட்லாந்துக்காரர், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கேப்டன். 1979இல் முனிக்கில் மால்மோவை 1-0, 1980இல் மட்ரிட்டில் ஹாம்பர்கை 1-0. இரண்டு முறையும் கோப்பையை வாங்கியவர் இவர்தான். பிரையன் கிளஃப் என்ற மேனேஜர் எந்த கிளப்புக்குப் போனாலும் இவரைக் கூடவே இழுத்துக்கொண்டு போனார்: ஹார்ட்டில்பூல்ஸ், டார்பி, லீட்ஸ், ஃபாரஸ்ட் என்று நான்கு கிளப். ஆனால் ஸ்காட்லாந்து ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம், அன்று அந்த அணியின் நடுக்களத்தில் கிரேம் சூனஸ், ஆர்ச்சி கெம்மில், ஏசா ஹார்ட்ஃபோர்ட் எல்லாம் நின்றார்கள். இதில் கெம்மில் ஃபாரஸ்டிலேயே இவருடன் ஆடியவர். 1979 இறுதியாட்டத்தில் கிளஃப் கெம்மிலை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மக்கவர்னை இறக்கினார். கிளப்புக்கு ஒரு கணக்கு, நாட்டுக்கு ஒரு கணக்கு!

அதே ஃபாரஸ்ட் அணியில் இயன் பவ்யர் என்று ஒருவர். 1979 அரையிறுதியில் சொந்த மண்ணில் 3-3 என்று ஆடிவிட்டு, ஜெர்மனிக்குப் போய்க் கொலோன் அணியைத் தோற்கடித்த அந்த ஒற்றை கோலை அடித்தவர். இங்கிலாந்து அவரையும் ஆடவைக்கவில்லை.

இரண்டாவது கேப்டன் ஆஸ்டன் வில்லாவின் டென்னிஸ் மோர்டிமர். 1980-81 சீசன் முழுவதையும் வெறும் 14 ஆட்டக்காரர்களை வைத்து ஓட்டி லீக்கை ஜெயித்த அணி அது. அடுத்த வருடம் ராட்டர்டாமில் பயர்ன் முனிக்கை 1-0 என்று வென்றார்கள். கோப்பையை வாங்கியவர் மோர்டிமர், இங்கிலாந்து கணக்கு பூஜ்யம். பிரையன் ராப்சன், ரே வில்கின்ஸ், ட்ரெவர் புரூக்கிங், ஹாடில் என்று பெரிய வரிசை இருந்தது என்பது நிஜம்தான். ஆனாலும் ஒரு நட்பு ஆட்டத்தில்கூடவா இடமில்லை என்று எனக்கு இன்றும் தோன்றும்.

லிவர்பூலின் ஜிம்மி கேஸையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், நான்கு லீக் பட்டங்கள், ஒரு கேப் இல்லை.

ஸ்டீவ் புரூஸ் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை என்பது உண்மையா?

உண்மைதான், இந்தப் பட்டியலிலேயே அதிகம் கேட்கப்படும் பெயர் இதுதான். மான்செஸ்டர் யுனைட்டெட் கேப்டன், மூன்று பிரீமியர் லீக் பட்டங்கள். 1994இல் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் ஒரே சீசனில் ஜெயித்தபோது, இருபதாம் நூற்றாண்டில் அந்த இரட்டைப் பட்டத்தைக் கேப்டனாக வாங்கிய முதல் இங்கிலாந்துக்காரர் அவர். அதற்கு முன் அதைச் செய்த கேப்டன்கள் எல்லாம் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்காரர்கள். 1990-91 சீசனில் ஒரு டிஃபெண்டராக இருந்துகொண்டு எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 கோல், பாதிக்கு மேல் பெனால்டி என்றாலும் 19 என்பது 19தான். 1993 ஏப்ரலில் ஷெஃபீல்டு வெட்னெஸ்டேக்கு எதிராக ஆட்டம் கைவிட்டுப் போகிற நேரத்தில் தலையால் இரண்டு கோல் போட்டு அணியைக் காப்பாற்றியதும் இவர்தான், யுனைட்டெட் ரசிகர்கள் இன்றும் அந்த நாளைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டார்கள்.

இங்கிலாந்து 'பி' அணிக்கு ஒரே ஒரு ஆட்டம், அத்தோடு சரி. பாபி ராப்சன் இங்கிலாந்து மேனேஜராக இருந்தபோது டெர்ரி புட்சர், மார்க் ரைட், டெஸ் வாக்கர், டோனி ஆடம்ஸ் எல்லாம் இருந்தார்கள். பின்னாளில் ராப்சனே, புரூஸை ஆடவைத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் புரூஸுக்குப் பக்கத்திலேயே நின்ற காரி பாலிஸ்டருக்கு 22 கேப் கிடைத்தது. பாலிஸ்டர் வேகமானவர், உயரமானவர், பந்தை அழகாக எடுத்துப்போவார். புரூஸ் மெதுவாக ஓடுவார், மூக்கு பலமுறை உடைந்தவர், பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பார். தேசிய அணித் தேர்வில் முதல் வகைக்குத்தான் மவுசு அதிகம்.

மிக்கெல் ஆர்டெட்டா இவ்வளவு நல்ல மிட்ஃபீல்டராக இருந்தும் ஸ்பெயின் ஏன் எடுக்கவில்லை?

இதற்கு நான் நம்பர்களையே பதிலாகத் தருகிறேன். ஸ்பெயினுக்காக சாவி 133 ஆட்டம், இனியெஸ்டா 131, புஸ்கெட்ஸ் 143, டேவிட் சில்வா 125, ஷாபி அலோன்சோ 114, ஃபாப்ரகாஸ் 110. இத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே நடுக்களத்தில் நின்றவர்கள். 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை), 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ என்று வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த அணியில் யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது?

சான் செபாஸ்டியன் ஊரில் ஆர்டெட்டாவும் ஷாபி அலோன்சோவும் சிறுவயது நண்பர்கள், அந்திகுவோகோ என்ற சிறுவர் கிளப்பில் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவருக்கு 114, இன்னொருவருக்கு 0. திறமையில் அவ்வளவு வித்தியாசம் இருந்ததாக, இங்கிலாந்து கிளப்பான எவர்டனில் ஆர்டெட்டாவைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆர்டெட்டாவின் மனத்திடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள 2003 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஸ்காட்லாந்து லீக்கின் கடைசி நாள், ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் புள்ளியில் சமம், கோல் வித்தியாசத்தில்தான் பட்டம் முடிவாகும். ரேஞ்சர்ஸ் 5-1 என்று இருக்கும்போது காயத்துக்காகச் சேர்த்த கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டி கிடைக்கிறது, அடிக்கப்போவது 21 வயது ஆர்டெட்டா. அடித்தார், 6-1. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் ரேஞ்சர்ஸுக்கு.

நேரமும் அவருக்குச் சதி செய்தது. எவர்டனில் நல்ல ஃபார்மில் இருந்தபோது, 2009 பிப்ரவரியில் நியூகாசிலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் வெளியே. அவர் திரும்பி வந்தபோது புஸ்கெட்ஸ் என்ற பையன் பார்சலோனாவிலும் ஸ்பெயினிலும் இடம் பிடித்துவிட்டான்.

அப்படியானால் இங்கிலாந்துக்கு ஆடியிருக்கலாமே? அங்கேதானே இருந்தார்?

2010இல் இந்தப் பேச்சு நிஜமாகவே நடந்தது. ஃபேபியோ கப்பெல்லோ மேனேஜர், ஆர்டெட்டாவும் வாய்ப்பு வந்தால் யோசிப்பேன் என்றார். ஆனால் விதி குறுக்கே நின்றது. ஆர்டெட்டா ஸ்பெயினின் இளையோர் அணிகளுக்காக அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஆடியவர். அப்படி ஆடியபோதே இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் கையில் இருந்திருந்தால்தான் பின்னால் மாற முடியும் என்பது ஃபிஃபாவின் அன்றைய விதி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பின்னால் வாங்கினால் உதவாது.

அதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன: பிறப்பாலோ, பெற்றோர் தாத்தா பாட்டி வழியிலோ சம்பந்தம் இல்லாதவர், 18 வயதுக்குள் அந்த மண்ணில் ஐந்து வருடம் படித்திருக்க வேண்டும். வெறுமனே அங்கே பல வருடம் சம்பளம் வாங்கியது போதாது.

ஆர்சனல் கோல்கீப்பர் மனுவேல் அல்முனியா விஷயத்திலும் இதே பேச்சு வந்து இதே சுவரில் முட்டி நின்றது. ஸ்பெயினில் அவருக்கு முன்னால் காசியாஸ், ரெய்னா, வால்டெஸ். அங்கேயும் வழியில்லை, இங்கேயும் வழியில்லை.

ஸ்பெயினில் இன்னும் யாராவது?

கபி. அட்லெடிகோ மட்ரிட் கேப்டன், 2013-14 லீக் பட்டத்தைக் கடைசி நாளில் பார்சலோனாவின் கேம்ப் நோவிலேயே போய் 1-1 என்று ஆடி வாங்கிய அணியின் நடுநாயகம், ஒரு வாரம் கழித்துச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வேறு. சில வாரங்களில் பிரேசிலில் உலகக் கோப்பை. ஸ்பெயின் கபியைக் கூட்டிப்போகவில்லை, பழைய ஜாம்பவான்களையே நம்பிப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறியது. கபி இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா? தெரியாது, அநேகமாக இல்லை. ஆனால் அந்த வருடம் ஸ்பெயின் அணியில் இல்லாமல் போனது ஓட்டம்தான், கபியிடம் நிறைய இருந்ததும் அதுதான்.

கோல் அடிப்பவர்களுக்கும் இப்படி நடக்குமா? கோல் எண்ணிக்கை பொய் சொல்லாதே?

நடக்கும். அதுவும் இத்தாலியில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவருக்கு நடந்திருக்கிறது.

தாரியோ ஹ்யூப்னர் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஆள். 1967இல் த்ரியெஸ்தே பக்கம் பிறந்தவர். அலுமினிய ஜன்னல் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே கீழ் லீக்குகளில் ஆடினார். சிகரெட் விடவே இல்லை, அதை மறைக்கவும் இல்லை. மூன்றாம் பிரிவில் ஃபானோ அணிக்கு அதிக கோல், இரண்டாம் பிரிவில் செசேனாவுக்கு அதிக கோல். மேல் லீக்கான சீரி ஆவில் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 30. அந்த முதல் ஆட்டம் 1997 ஆகஸ்டில், பிரேஷா அணிக்காக, சான் சீரோவில் இன்டருக்கு எதிராக. பிரேசிலின் ரொனால்டோ இன்டருக்கு லீக்கில் முதல்முறை இறங்கிய ஆட்டமும் அதுதான். எல்லார் கண்ணும் ரொனால்டோ மேல், முதல் கோல் ஹ்யூப்னருடையது! அப்புறம் ரெகோபா மாற்று ஆட்டக்காரராக வந்து தூரத்திலிருந்து இரண்டு அடித்து இன்டரை ஜெயிக்கவைத்தார், அது வேறு கதை.

2001-02 சீசனில் பியாசென்சா என்ற சின்ன அணிக்காக 24 கோல் அடித்து, சாம்பியனான யுவென்டஸின் டேவிட் ட்ரெசெகேவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். வயது 35. உலகக் கோப்பை வருடம். மேனேஜர் ஜொவான்னி த்ரப்பத்தோனி விய்யேரி, இன்சாகி, டெல் பியெரோ, டொட்டி, மொன்டெல்லா, டெல்வெக்கியோ ஆகியோரைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போனார். பட்டியலைப் பார்த்தால் அநியாயம் என்று சத்தம் போடவும் முடியவில்லை.

இகோர் ப்ரோத்தி கதையும் இதன் இரட்டைப் பிறவிதான். 1995-96இல் பாரி அணிக்காக 24 கோல், லாட்சியோவின் சின்யோரியோடு சேர்ந்து முதலிடம், ஆனால் பாரி அந்த வருடமே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அந்தக் கோடையில் யூரோ போட்டிக்கு மேனேஜர் அரிகோ சாக்கி, முதலிடம் பிடித்த இந்த இருவரில் ஒருவரையும் எடுக்கவில்லை. சின்யோரிக்காவது முன்பே நிறைய ஆட்டங்கள் கிடைத்திருந்தன, ப்ரோத்திக்கு எப்போதுமே இல்லை. இத்தாலியின் மேல் மூன்று பிரிவுகளிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை இந்த இரண்டே பேருக்குத்தான், ஹ்யூப்னருக்கும் ப்ரோத்திக்கும். இரண்டு பேரின் கேப் கணக்கும் பூஜ்யம்.

இங்கிலாந்தில் கெவின் காம்ப்பெல், பிரீமியர் லீக்கில் 83 கோல். ஷீரர், இயன் ரைட், ஷெரிங்கம், ஃபெர்டினாண்ட், ஃபவுலர், ஆண்டி கோல் எல்லாம் இருந்த காலத்தில் பிறந்தது அவர் தப்பு.

கோல்கீப்பர்கள் ஏன் இந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறார்கள்?

ஒரே ஓர் இடம் என்பதால்தான். மிட்ஃபீல்டரை வலப்பக்கம், இடப்பக்கம் என்று எங்காவது தள்ளி ஆடவைக்கலாம், கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது, முன்னால் இருப்பவர் பத்து வருடம் நகரமாட்டார்.

செசேனாவிலிருந்து ஏசி மிலானுக்கு வந்த செபாஸ்தியானோ ரோஸ்ஸி 1993-94 சீசனில் 929 நிமிடங்கள் கோல் விடாமல் நின்றார். அந்தச் சாதனையை 2016இல் புஃபோன் வந்துதான் 974 நிமிடங்களுக்குக் கொண்டுபோனார். அந்த சீசனில் மிலான் 34 ஆட்டங்களில் விட்டது வெறும் 15 கோல், அடித்ததே 36தான், அதிலேயே சாம்பியன். அந்தக் கோடையில் அமெரிக்காவில் உலகக் கோப்பை. ரோஸ்ஸிக்கு முன்னால் நின்ற மிலான் டிஃபெண்டர்கள் தஸ்ஸோத்தி, பரேசி, கொஸ்தகுர்தா, மல்டீனி நால்வரும் இத்தாலி அணியில் விமானம் ஏறினார்கள். பின்னால் நின்ற ஆள் மட்டும் வீட்டில். சாக்கி கூட்டிப்போன கோல்கீப்பர்கள் பல்யூகா, மார்க்கெஜானி, புச்சி. அவ்வளவு நல்ல சுவர் முன்னால் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ரோஸ்ஸியைப் பற்றி இன்றும் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் அவருடைய முன்கோபம் அவருக்கு நல்லது செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே மிலானில் ஃபிலிப்போ கல்லி என்ற டிஃபெண்டர், 1994 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பரேசியும் கொஸ்தகுர்தாவும் தடையில் வெளியே இருந்ததால் ஏதென்ஸில் இறங்கி, ரொமாரியோ இருந்த பார்சலோனாவை 4-0 என்று அடக்கிய அணியின் நடுவில் நின்றார். அவருக்கும் ஒலிம்பிக் அணியோடு சரி.

செல்சீயில் இருந்த கார்லோ குதிச்சினியைத் தெரியும் அல்லவா? இத்தாலிக்கு ஆடவில்லை, முன்னால் புஃபோனும் டோல்டோவும். அவருடைய அப்பா ஃபேபியோ குதிச்சினியும் கோல்கீப்பர், 1969இல் மிலானோடு ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தவர். அப்பாவும் இத்தாலிக்கு ஆடவில்லை, அவர் காலத்தில் அல்பெர்தோசி, ஜோஃப்.

அரசியல் காரணமாக ஆடமுடியாமல் போனவர்கள் உண்டா?

பெர்ட் ட்ராட்மான். ஜெர்மனியின் பிரெமென் நகரத்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைவீரர், போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். விடுதலை கிடைத்த பிறகும் ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி, சின்ன கிளப்பில் கோல் காத்துக்கொண்டிருந்தவரை 1949இல் மான்செஸ்டர் சிட்டி எடுத்தது. போர் முடிந்து நான்கே வருடம்! நகரத்தில் சுமார் 20,000 பேர் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். மான்செஸ்டரின் யூத குரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஹிட்லர் ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வந்தவர், ஒரு தனி மனிதனை அந்த நாட்டின் பாவத்துக்காகத் தண்டிக்கவேண்டாம் என்று எழுதினார்.

1956 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் எதிரணி ஆட்டக்காரரின் முழங்கால் கழுத்தில் மோதியது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மிச்சம் இருந்த சுமார் 17 நிமிடத்தையும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தார், சிட்டி 3-1 என்று ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் கழுத்து எலும்பு முறிந்திருக்கிறது! அந்த வருடம் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான். சிட்டிக்கு மொத்தம் 545 ஆட்டங்கள்.

மேற்கு ஜெர்மனியின் மேனேஜர் ஸெப் ஹெர்பெர்கர் அவரைச் சந்தித்துப் பேசினார், ஆனால் வெளிநாட்டில் ஆடுபவரை எடுக்கமுடியாது என்றார். பயண வசதியும் ஒரு காரணம், அன்றைய அரசியல் சூழலும் ஒரு காரணம். 1954இல் ஜெர்மனி அவர் இல்லாமலேயே உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டது, கோலில் நின்றவர் டோனி டூரெக். ஜெயித்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள்?

வேண்டாம் என்று தாங்களே சொன்னவர்கள்?

பார்சலோனா டிஃபெண்டர் ஒலெகெர். கட்டலோனிய விடுதலையை ஆதரிப்பவர். 2005 கடைசியில் ஸ்பெயின் மேனேஜர் லூயிஸ் அரகோனெஸ் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, இந்தச் சட்டையைப் போடும் உணர்வு எனக்கில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டார். அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

ஒரு சின்ன சுவாரசியம், இதை நான் பல பேரிடம் சொல்லி அறுத்திருக்கிறேன். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பார்சலோனாவுக்கு ஒலெகெர் ஆடினார். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் 18ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, அல்முனியா உள்ளே வந்தார். இரண்டாம் பாதியில் ஒலெகெரை எடுத்துவிட்டு பெலெட்டியை இறக்கினார்கள், பெலெட்டி பத்து நிமிடத்தில் அல்முனியாவின் கால்களுக்கு நடுவே அடித்த கோலில்தான் கோப்பை. ஸ்பெயினுக்கு ஆடாத இரண்டு ஸ்பெயின்காரர்கள் அந்த ஒரே கோலில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

மயிரிழையில் தவறவிட்டவர் யார்?

வெஸ்ட் ஹாமின் பில்லி பாண்ட்ஸ். அந்த கிளப்புக்கு 799 ஆட்டங்கள், இன்றும் அதுதான் சாதனை. 1977இல் இத்தாலிக்கு எதிரான இங்கிலாந்து ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வந்தார். 1981இல், 34 வயதில் மறுபடி வாய்ப்பு கதவைத் தட்டியது, அதற்குள் லீக் ஆட்டத்தில் சொந்த கோல்கீப்பரோடு மோதி விலா எலும்பு முறிந்தது. எதிரணிக்காரன் மோதியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

பிரான்சின் ஸ்டீட் மல்ப்ராங்க்கும் 2004இல் அணியில் பெயர் வந்து, ஆடாமலே திரும்பியவர். சில்வான் டிஸ்டாங் அந்தப் பெயர்கூட வராமல் பிரீமியர் லீக்கில் 469 ஆட்டங்கள் ஆடி முடித்தார்.

இளையோர் அணியில் ஜொலித்தால் சீனியர் அணி நிச்சயம் இல்லையா?

இல்லவே இல்லை. 2009இல் ஸ்வீடனில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனி 4, இங்கிலாந்து 0. ஜெர்மனி பக்கம் நின்ற நோயர், போவாடெங், ஹுவெடெஸ், ஹும்மெல்ஸ், கெடீரா, ஓசில் ஆறு பேரும் ஐந்து வருடம் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். இங்கிலாந்து பக்கம் மார்க் நோபுள், லீ காட்டர்மோல், நெடும் ஒனுவோஹா, ஃபாப்ரிஸ் முவாம்பா ஆகியோர் சீனியர் அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. முவாம்பாவின் விஷயம் வேறு, 2012இல் மைதானத்திலேயே இதயம் நின்று, பிழைத்து வந்து, ஆட்டத்தை விட்டார். நோபுள் வெஸ்ட் ஹாமுக்கு 550 ஆட்டம் ஆடிவிட்டு 2022இல் ஓய்வு பெற்றார், பெனால்டி அடிப்பதில் கில்லாடி. பெனால்டியில் தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த நாடு அவரை ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

இப்போது விதி மாறிவிட்டதாமே?

ஓரளவு. 2020இல் ஃபிஃபா கொஞ்சம் தளர்த்தியது. 21 வயதுக்குள் சீனியர் அணிக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், உலகக் கோப்பை, யூரோ மாதிரிப் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் இறங்காமல், மூன்று வருடம் கழிந்திருந்தால் வேறு நாட்டுக்கு மாறலாம். ஆனால் சீனியர் அணிக்கு ஆடியவர் என்றால், அந்த இன்னொரு குடியுரிமை முதலில் ஆடியபோதே இருந்திருக்க வேண்டும்.

முனிர் எல் ஹத்தாதி இதற்கு நல்ல உதாரணம். 2014இல் ஸ்பெயினுக்காகக் கடைசிக் கொஞ்ச நேரம் இறங்கினார், அந்த ஒரே ஆட்டம் அவரைக் கட்டிப்போட்டது. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ கூப்பிட்டும் போகமுடியவில்லை, விதி மாறிய பிறகுதான் போனார். சில சமயம் ஒரு கேப் கிடைப்பதைவிடக் கிடைக்காமல் இருப்பதே மேல். எமெரிக் லபோர்ட் கதை அதற்கு நேரெதிர். பிரான்சின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர், சீனியர் அணிக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் ஆடவைக்கவே இல்லை. 2021இல் ஸ்பெயின் குடியுரிமை வாங்கினார், 2024இல் பெர்லினில் இங்கிலாந்தைத் தோற்கடித்து யூரோ கோப்பை வென்றார். பிரான்ஸ் அவரை ஐந்து நிமிடம் இறக்கியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

இவர்கள் எல்லாருக்கும் அநியாயம் நடந்தது என்கிறீர்களா?

இல்லை. பவுலோ டி கானியோவை எடுங்கள், 2000இல் விம்பிள்டனுக்கு எதிராக அந்தரத்தில் பறந்து அடித்த அந்த கோலை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அவர் காலத்தில் இத்தாலியில் பாஜியோ, ஸோலா, டெல் பியெரோ, டொட்டி எல்லாம் இருந்தார்கள், இவரோ நடுவரைத் தள்ளிவிட்டு 11 ஆட்டத் தடை வாங்கிய ஆள். எந்த மேனேஜரும் யோசிக்கத்தான் செய்வார். ஆர்டெட்டா விஷயத்திலும் ஸ்பெயின் தப்புச் செய்ததாக நான் சொல்லமாட்டேன். புரூஸ், மோர்டிமர், ரோஸ்ஸி மூன்று பேருக்கும்தான் நான் சண்டைக்கு வருவேன்.

சரி, ஒரே ஒருவரை ஒரே ஓர் ஆட்டத்தில் இறக்கலாம் என்றால்?

ஹ்யூப்னர். 2002 ஜூன், டேஜான் நகரம், இத்தாலிக்கும் தென் கொரியாவுக்கும் நாக் அவுட் ஆட்டம். இத்தாலி 1-0 என்று முன்னால் இருக்கும்போது த்ரப்பத்தோனி டெல் பியெரோவை வெளியே எடுத்து, கோலைக் காப்பாற்ற கட்டூசோவை இறக்கினார். கொரியா கடைசி நேரத்தில் சமன் செய்தது, உடனே விய்யேரி கோலுக்குக் கிட்டத்தில் நின்று பந்தை வெளியே அடித்தார், கூடுதல் நேரத்தில் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டியதோடு இத்தாலி ஊருக்குக் கிளம்பியது. அந்த 61ஆவது நிமிடத்தில் கட்டூசோவுக்குப் பதில் ஹ்யூப்னரை, பாதி சிகரெட்டை அணைத்துவிட்டு வரச்சொல்லி, இறக்கிப் பார்த்திருப்பேன்.